வீடு காலியாத்தான் இருக்கு

எட்டாவது செமஸ்டரில் எங்களுக்கு இன்டர்ன்ஷிப். ஆபீஸ் ஓ.எம்.ஆரில். ஹாஸ்டலில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வர நாலு மணி நேரம் ஆகும். அதனால் டிசம்பர் கடைசியிலேயே நானும் என் ரூம்மேட்டும் வீடு தேட ஆரம்பித்துவிட்டோம். மூணு வருஷமா ஒரே ரூம், ஒரே கெட்டிலில் மேகி. தனியா வீடு எடுத்தாலும் சண்டை வராது என்று நம்பிக்கை.

பேச்சிலர்ஸுக்கு வீடு கிடைக்காது என்று சீனியர்ஸ் எல்லாரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். "ஃபேமிலிக்கு மட்டும்", "வெஜிடேரியன் மட்டும்", பத்து மாச அட்வான்ஸ் என்று எல்லாவற்றையும் கேட்டுப் பழகிவிட்டோம். ஒரு வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் யாரும் வரக்கூடாது என்றார்கள். ஆபீஸே ஏழு மணிக்குத்தான் விடும். வெளியே வந்து சிரிச்சுட்டு அடுத்த தெருவுக்குப் போனோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல டு-லெட் போர்டு கண்ணில் பட்டது. மாடி வீடு, ஒரு பெட்ரூம், "பேச்சிலர்ஸ் ஓகே" என்றே எழுதியிருந்தது. அவன் முதலில் வாட்ஸ்அப்பில் "சார், வீடு இருக்கா?" என்று கேட்டான். பதில் வரவில்லை, அதனால் கால் பண்ணினான். டீக்கடை வாசலில் நின்றிருந்தோம், ஸ்பீக்கர் போட்டிருந்தான். வாடகை பத்தாயிரம், அட்வான்ஸ் அறுபதாயிரம். எல்லாம் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி எந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம் சார்."

"அப்பா என்ன பண்றாரு?"

"ஈ.பி.ல லைன்மேன் சார்."

"நல்லது நல்லது. தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?"

அவன் ஒரு செகண்ட் கூட யோசிக்கவில்லை. "எஸ்.சி. சார்" என்றான்.

"ஓ... தம்பி, நேத்தே ஒருத்தர் வந்து அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. போர்டு எடுக்க மறந்துட்டோம்."

கால் கட் ஆனது. கொஞ்ச நேரத்தில், 11:32க்கு, அவனுடைய மெசேஜுக்கும் பதில் வந்தது: வீடு முடிஞ்சிருச்சு.

அவன் டீயை முடித்துவிட்டு "வா, அடுத்த தெரு" என்றான். எனக்குத்தான் நகர முடியவில்லை. கோபமா, சந்தேகமா, இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. 12:05க்கு அதே நம்பருக்கு என் போனில் இருந்து கால் பண்ணினேன். அதே குரல், அதே கேள்விகள். எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு. கடைசியில் அதே "தப்பா எடுத்துக்காதீங்க".

நான் என் சாதியைச் சொன்னேன். ரோல் நம்பர் கேட்டால் வருவது மாதிரி வாயில் இருந்து தானா வந்தது. பதில் சொல்லாமல் இருக்கலாம் என்றுகூட எனக்குத் தோணல.

"சரி தம்பி, வீடு காலியாத்தான் இருக்கு. சாயங்காலம் வந்து பாருங்க. லொகேஷன் அனுப்புறேன்."

12:11க்கு லொகேஷன் வந்தது. கூடவே சமையல்கட்டு, பாத்ரூம் போட்டோ எல்லாம். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன் என் தோளில் தட்டி, "உனக்கு வீடு கிடைச்சிருச்சு மச்சான், ட்ரீட் எப்போ?" என்றான்.

மூணு வருஷத்தில் ஒரு தடவைகூட அவனிடம் நான் சாதி கேட்டதில்லை என்பதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது. கேட்காமல் இருப்பது எனக்கு எந்தச் செலவும் இல்லாத வேலை. அவனிடம் கேட்பதற்கு ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

*

ஹாஸ்டலுக்கு வந்ததும் புகார் எப்படிக் கொடுப்பது என்று தேட ஆரம்பித்தேன். ஸ்கூலில் இருந்தே இங்கிலீஷ் மீடியம், அதனால் தேடியதும் இங்கிலீஷில்தான். வந்தது எல்லாம் அமெரிக்கா. அங்கே 1968லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் ஜனாதிபதி அதில் கையெழுத்துப் போட்டார். இனம், நிறம், மதம் மாதிரியான காரணங்களுக்காக வாடகை வீடு மறுத்தால், ஒரு வருஷத்துக்குள் வீட்டு வசதித் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

அங்கே நாங்கள் டீக்கடை வாசலில் செய்ததற்கு ஒரு பெயரே இருக்கிறது: டெஸ்டிங். ஒரே வீட்டை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்பார்கள், மற்ற விவரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆள் மட்டும் வேறு. 1982ல் ஹேவன்ஸ் ரியால்ட்டி வழக்கில், சோதனைக்காக மட்டுமே வீடு கேட்ட ஒரு கறுப்பினப் பெண்ணிடம் பொய் சொன்னாலும் அவர் வழக்குப் போடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கேயும் பொருளாதார ஆய்வாளர் சுக்தேவ் தோரட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் டெல்லி வட்டாரத்தில் இதே மாதிரி போனிலும் நேரிலும் வீடு கேட்டுப் பார்த்து, 2015ல் கட்டுரை வெளியிட்டார்கள். பெயரில் தலித் என்றோ முஸ்லிம் என்றோ தெரிந்தவர்களுக்குக் கதவு மூடியது. அவர்கள் செய்தது ஆராய்ச்சி. நாங்கள் செய்தது தற்செயல். ரிசல்ட் ஒன்றுதான்.

நம்ம ஊரில் என்ன சட்டம்? முதலில் வாடகைச் சட்டத்தைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2017ல் வந்து 2019ல் நடைமுறைக்கு வந்த சட்டம் இருக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரைக்கும் அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பதே அதில்தான் தெரிந்தது. ஆனால் அது குடி வந்த பிறகு வரும் பிரச்சினைகளுக்கான சட்டம். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. அரசியல் சாசனத்தின் 15வது பிரிவைப் படித்தேன். கடை, ஹோட்டல், கிணறு, குளம், சாலை எல்லாம் அதில் இருக்கிறது. வீடு இல்லை.

விட்டுவிடலாம் என்று நினைத்தபோதுதான் 1955ஆம் வருஷச் சட்டம் கிடைத்தது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்ற பெயரில் வந்து, 1976ல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதற்கு இங்கிலீஷ் சுருக்கம் பி.சி.ஆர்.

இந்த வார்த்தை எனக்குப் புதிது இல்லை. எங்க வீட்டு விசேஷங்களில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், "அவங்க கூட வம்பு வேணாம், பி.சி.ஆர். போட்டுருவாங்க". அது என்ன சட்டம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. முதல் தடவையா படித்தேன்.

நாலாவது பிரிவு. தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவரைத் தடுக்கக்கூடாத விஷயங்களின் பட்டியல். கடை, குளம், பஸ் எல்லாம் தாண்டி எட்டாவதாக ஒரு வரி: எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது. ஏழாவது பிரிவில் பகிஷ்காரம் என்றால் என்ன என்று விளக்கும்போது முதலில் சொல்வதே வீடோ நிலமோ வாடகைக்குத் தர மறுப்பதைத்தான். பன்னிரண்டாவது பிரிவு இன்னும் முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமை காரணமாகத்தான் நடந்தது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் அதை எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

ஸ்கூல் புத்தகத்தின் முதல் பக்கங்களில் தீண்டாமை குற்றம் என்று அச்சடித்திருப்பதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். டு-லெட் போர்டும் அதற்குள் அடக்கம் என்று இருபத்தியொரு வயதில்தான் தெரிந்தது.

ராத்திரி ஒரு மணிக்கு அவனை எழுப்பி லேப்டாப்பைக் காட்டினேன். அவன் படித்தான். முழுசா படித்தான். பிறகு, "எழுதப் போறது நீ. அதுல கம்யூனிட்டி சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் யாருது வைக்கப் போற?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

*

நாலு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜூலையில் வேலையில் சேர வேண்டும். பேக்ரவுண்டு வெரிஃபிகேஷனில் போலீஸ் கேஸ் என்று ஏதாவது வந்தால்? வீட்டு ஓனர் ஆள் வைத்து மிரட்டினால்? அவன் அம்மா போனில் "வேணாம்பா, வீடு வேற கிடைக்கும், நீ நல்லபடியா முடிச்சுட்டு வா" என்றார். அவர் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அப்பாவிடம் அவன் சொல்லாமலே இருந்தான். அம்மா சொல்லிவிட்டார். அவர் ஒரு நாள் ராத்திரி டியூட்டி முடிந்து கூப்பிட்டு இரண்டே கேள்விதான் கேட்டார். "அந்த ஆளு சொன்னதை அப்படியே எழுதி வெச்சியா? தேதி, டைம் போட்டியா?"

அடுத்த நாள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி. என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமா வக்கீல் உதவி உண்டு. அங்கே இருந்த வக்கீல் அம்மா எங்கள் போன்களை வாங்கி, மெசேஜ்களை நேரம் வாரியா பார்த்தார். பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன் பயத்தை ஒரே வரியில் முடித்தார்: "புகார் கொடுக்கறவன் மேல கேஸ் இல்லப்பா, புகார் யார் மேலயோ அவங்க மேலதான் கேஸ்."

அவர் ஒன்றையும் பெரிதாக்கிச் சொல்லவில்லை. 1989ஆம் வருஷ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லி அவமானப்படுத்துவது குற்றம்தான், ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். போன் பேச்சை அதில் நிறுத்துவது கஷ்டம் என்றார். அதே சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புப் பிரிவையும் குறிப்பிடலாம், ஆனால் நம் கேஸுக்கு நேராகப் பொருந்துவது 1955 சட்டம் என்றார். தண்டனை எவ்வளவு என்று கேட்டேன். ஒரு மாசத்தில் இருந்து ஆறு மாசம் வரை சிறை, அபராதம் நூறு ரூபாயில் இருந்து ஐந்நூறு ரூபாய். அறுபதாயிரம் அட்வான்ஸ் கேட்கும் ஊரில் ஐந்நூறு ரூபாய். அவன் சிரித்துவிட்டான். பிறகு "எழுதலாம் மேடம்" என்றான்.

புகாரை அவன்தான் எழுதினான். தமிழில், ஒன்றரைப் பக்கம். நான் எழுதியிருந்தால் அரசியல் சாசனத்தில் ஆரம்பித்திருப்பேன். அவன் "11:20க்கு நான் போன் செய்தேன்" என்று ஆரம்பித்தான்.

*

இதைப் படிக்கிற யாருக்காவது தேவைப்படலாம் என்பதால், நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. மறுத்த உடனே குறித்து வையுங்கள். தேதி, நேரம், நம்பர், வீட்டு விலாசம், அவர் சொன்ன அதே வார்த்தைகள். டு-லெட் போர்டை போட்டோ எடுங்கள். நாளைக்கு அது இருக்காது.

2. மெசேஜ், கால் லாக் எதையும் டெலீட் பண்ணாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அசல் போனில் இருக்க வேண்டும். கோர்ட் வரை போனால் எலெக்ட்ரானிக் ஆதாரத்துக்குத் தனிச் சான்று கொடுக்க வேண்டும், 2023 சாட்சியச் சட்டத்தில் அது 63வது பிரிவு.

3. நண்பன் யாராவது அதே வீட்டைக் கேட்டு வேறு பதில் வந்திருந்தால், அவன் சாட்சி. அவன் பெயரும் விவரமும் புகாரில் வர வேண்டும்.

4. புகாரோடு கம்யூனிட்டி சர்டிஃபிகேட் நகல் வையுங்கள். ஸ்டேஷனில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். 1955 சட்டக் குற்றங்களில் வாரண்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம். அப்படிப்பட்ட குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

5. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 173, 175 பிரிவுகள். போலீஸிலேயே சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு என்று தனியா ஒன்று இருக்கிறது, அங்கேயும் ஒரு நகல் கொடுக்கலாம்.

6. தேசிய எஸ்.சி. ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் எழுதலாம். தேசிய ஆணையம் விசாரிக்கும்போது ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. போனில் பேச வேண்டும் என்றால் வன்கொடுமை உதவி எண் 14566, இலவச சட்ட உதவிக்கு 15100.

இது எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருநர்களுக்கு 2019 சட்டத்திலும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017 சட்டத்திலும் வாடகை வீடு மறுக்கக்கூடாது என்று நேராகவே எழுதியிருக்கிறது. ஆனால் எங்க கிளாஸில் ஒரு முஸ்லிம் நண்பன் ஆறு வீடு பார்த்து ஆறிலும் பெயரைச் சொன்னதும் திருப்பி அனுப்பப்பட்டான். அவனுக்கு இப்படி விரல் வைத்துக் காட்ட ஒரு பிரிவு இல்லை. சிறுபான்மையினர் ஆணையத்துக்கு எழுதலாம், அது பரிந்துரை செய்யும். பாகுபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சட்டம் வேண்டும் என்று சசி தரூர் 2017ல் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டம் ஆகவில்லை.

*

ஸ்டேஷனில் எங்கள் புகாரைப் படித்தவர், "ஸ்டூடன்ட்ஸ்தானே, படிப்பைப் பாருங்கப்பா. அவர் வீடு, அவர் இஷ்டம்" என்றார். அவன் பதில் பேசவில்லை. நாலாவது பிரிவு பிரிண்ட் எடுத்த பேப்பரை மட்டும் மேஜையில் வைத்தான். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சி.எஸ்.ஆர். கிடைத்தது.

அடுத்த வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஓனரும் வந்தார். எங்க தாத்தா வயசு, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. "ஏற்கெனவே வேற ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டேன் சார், அதான்" என்றார். அப்போது என் போனை எடுத்து வைத்தேன். 11:32க்கு முடிந்துபோன வீடு 12:11க்கு எப்படி போட்டோவோடு வந்தது? அவர் அந்த ஸ்கிரீனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டார்.

நீங்களே. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்த ரூமில் இருந்த எல்லாருக்கும் தெரியும். என்னை அவர் தன் பக்கத்து ஆளாகவே வைத்துப் பேசினார். டீக்கடை வாசலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னபோது அவர் பக்கம் போய் நின்றவனும் நான்தானே.

இதை எழுதும் வரை எஃப்.ஐ.ஆர். ஆகவில்லை. கமிஷனருக்குத் தபால் போயிருக்கிறது, ஒப்புகை அட்டை வந்துவிட்டது. அடுத்தது மாஜிஸ்திரேட் கோர்ட் என்று வக்கீல் அம்மா சொல்லியிருக்கிறார். எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாது. அவன் ஒரு ஃபைல் வாங்கி எல்லாப் பேப்பரையும் வரிசையா போட்டு வைத்திருக்கிறான். மேலே அவன் அப்பா கேட்ட மாதிரியே தேதியும் டைமும்.

நடுவில் இன்னும் இரண்டு வீட்டில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். "அது வேணாம் சார். ஆதார் தர்றேன், காலேஜ் ஐ.டி. தர்றேன், வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள தர்றேன்" என்றேன். இரண்டு வீடும் கிடைக்கவில்லை. மூணாவதா ஒரு பாட்டி வீடு. அவர் கேட்டது ஒன்றுதான்: தண்ணி லாரி வர்ற அன்னைக்கு மாடிக்கு நாலு குடம் தூக்கித் தருவீங்களா? இப்போது அங்கேதான் இருக்கிறோம்.

நம்ம காலேஜில் இந்த வருஷமும் ஜூனியர்ஸ் வீடு தேடிப் போவார்கள். "என்ன ஆளுங்க?" என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும் வாய் உங்களுக்கும் இருக்கலாம், எனக்கு இருந்த மாதிரி. பதில் சொல்லாதீர்கள். டைம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்கும் நண்பன் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவன் முடிவு. கொடுத்தால், சாட்சி என்ற இடத்தில் ஒரு பெயர் வேண்டும்.